வக்கீல் வாசலில் வெறுங்கையோடு நிற்காதீர்!

மாலை ஆறு மணி. நீதிமன்றச் சாலையில் ஒரு வக்கீல் அலுவலகம். வாசலில் பதினைந்து ஜோடிச் செருப்பு கிடக்கிறது. உள்ளே ஜமாஅத் தலைவர், செயலாளர், மாமா, சாச்சா, தெருவின் இளைஞர்கள், யார் என்று எவருக்கும் தெரியாத இரண்டு பேர் என்று ஒரு கூட்டமே நிற்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள்.

"பையனைப் பிடித்துக் கொண்டு போய்விட்டார்கள்."

எந்தக் காவல் நிலையம்? ஒருவர் ஒரு பெயரைச் சொல்கிறார். இன்னொருவர் இல்லை என்கிறார். எப்போது பிடித்தார்கள்? ஒருவருக்குக் காலை, மற்றவருக்கு நேற்று இரவு. என்ன வழக்கு? "சும்மா பொய் வழக்குதான்." வழக்கு எண்? மௌனம். பையன் பெயர் ஆதார் அட்டையில் எப்படி இருக்கிறது? தெருவில் கூப்பிடும் பெயர் மட்டும் கிடைக்கிறது. பையனின் தாயாரோ வீட்டில் அழுது கொண்டிருக்கிறார். அவருக்குத்தான் நேரம் தெரியும். அவரை யாரும் அழைத்து வரவில்லை!

இந்தக் காட்சியை நாம் ஒரு முறையல்ல, பல முறை பார்த்திருக்கிறோம். உணர்ச்சிக்கு நம் சமுதாயத்தில் பஞ்சமில்லை. ஒருவருக்கு ஆபத்து என்றால் கடையை அடைத்துவிட்டு ஓடி வருகிறோம். ஓடி வருகிறவர்கள் கையில் ஒரு துண்டுக் காகிதமாவது இருக்க வேண்டாமா?

கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அந்த 24 மணி நேரம் எப்போது தொடங்கியது என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் வீட்டார். வீட்டிலிருந்து அழைத்துச் சென்றது இரவு பதினொரு மணியா, காலை எட்டு மணியா என்பதில்தான் வக்கீல் நீதிமன்றத்தில் எழுப்பப் போகும் முதல் கேள்வியே இருக்கிறது. அதைக் குழப்பிக் கொண்டு போனால் பிறகு எந்த வக்கீல் வந்து என்ன செய்ய முடியும்?

1997ஆம் ஆண்டு சட்ட அறிக்கைகளில் வெளிவந்த டி.கே. பாசு வழக்கின் தீர்ப்பு, கைது செய்யும்போது காவலர்கள் என்னென்ன செய்ய வேண்டும் என்று வகுத்துக் கொடுத்தது. கைதுக் குறிப்பு எழுத வேண்டும். அதில் நேரமும் தேதியும் இருக்க வேண்டும். குடும்பத்தாரோ அந்தப் பகுதியின் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இந்த உரிமைகள் இருக்கின்றன. கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும் என்கிறது 47ஆம் பிரிவு. விசாரணையின்போது விரும்பிய வக்கீலைச் சந்திக்கலாம் என்கிறது 38ஆம் பிரிவு. விசாரணை நேரம் முழுவதும் வக்கீல் உடன் இருக்க முடியாது என்றாலும் சந்திக்கும் உரிமை உண்டு. இந்த உரிமைகளைக் கேட்டு வாங்குவதற்குத்தானே வக்கீல்! அவர் கேட்க வேண்டுமானால் அவரிடம் விவரம் இருக்க வேண்டும்.

எனவே சகோதரர்களே, கூட்டமாகப் போகாதீர்கள். மூன்று பேர் போதும். நடந்ததைக் கண்ணால் பார்த்தவர் ஒருவர். குடும்பத்தின் சார்பில் முடிவெடுக்கக் கூடியவர் ஒருவர். காகிதங்களைப் பத்திரமாக வைத்திருக்கும், எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர் ஒருவர். மற்றவர்கள் வீட்டில் இருக்கும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் துணையாக இருங்கள். அதுவும் உதவிதான்.

வணிகப் பெருமக்கள் கவனத்திற்கு

இது கைது சம்பந்தப்பட்ட விஷயம், நமக்கென்ன என்று கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்கள் நினைக்க வேண்டாம். கைதில் 24 மணி நேரம் என்றால் காசோலையில் 30 நாள்.

நமக்குத் தெரிந்த ஒரு வணிகர். நல்ல மனிதர். சரக்குக் கொடுத்த வகையில் வர வேண்டிய பணத்திற்கு வெளியூர்க்காரர் ஒரு செக் கொடுத்தார். நம்மவர் உடனே வங்கியில் போடவில்லை. "கொஞ்சம் பொறுங்கள்" என்று கேட்டதால் இரண்டு மாதத்துக்கு மேல் பொறுத்தார். பிறகு போட்டார். பணமில்லை என்று திரும்பி வந்தது. கொடுத்தவரும் நம்மவர்தானே என்று ஜமாஅத்தில் பிராது வைத்தார். ஜமாஅத் கூப்பிட்டது. முதல் வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. அடுத்த வெள்ளி வந்தார், தவணை கேட்டார். அதற்கடுத்த வெள்ளி ஆள் வெளியூரில். இப்படியே ஐந்து வெள்ளிக்கிழமைகள் போயின. நாற்பத்தோராவது நாள் வக்கீலிடம் போனார். வக்கீல் வங்கியின் ரிட்டர்ன் மெமோவைக் கையில் வாங்கித் தேதியைப் பார்த்தார். மெமோவை மேசையில் வைத்துவிட்டார்.

மாற்று ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு என்ன சொல்கிறது? செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாட்களுக்குள் அவர் பணம் தர வேண்டும். தராவிட்டால் அதற்குப் பிறகு ஒரு மாதத்திற்குள் நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்ய வேண்டும். புகார் தாக்கலில் தாமதம் ஆனால் தகுந்த காரணம் காட்டி மன்னிப்புக் கேட்க வழியுண்டு. நோட்டீசுக்கான 30 நாளுக்கு அப்படி ஒரு வழியைச் சட்டம் வைக்கவில்லை.

ஒரு வாசல் மட்டும் திறந்திருந்தது. செக் செல்லத்தக்க காலத்திற்குள் இருந்தால் மீண்டும் வங்கியில் போட்டு, மீண்டும் திரும்பினால் புதிதாக நோட்டீஸ் அனுப்பலாம். தமிழகத் தோல் வணிக நிறுவனம் ஒன்றின் வழக்கில் 2012 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதை அனுமதித்தது. ஆனால் 2012 ஏப்ரல் முதல் செக்கின் ஆயுள் மூன்று மாதம்தான். நம் வணிகரின் செக் அந்த ஆயுளை எப்போதோ கடந்துவிட்டது. இனி மிச்சமிருந்தது பணம் வசூலிக்கும் சிவில் வழக்கு மட்டும். ஐந்து வெள்ளிக்கிழமைகளின் விலை இது!

ஜமாஅத் சமரசம் வேண்டாம் என்று நாம் சொல்கிறோமா? இல்லை. சமரசம் நல்லது. நீதிமன்றமே லோக் அதாலத் வைத்துச் சமரசம் செய்கிறது. மூன்று லட்சம் ரூபாய்க்குக் குறையாத வணிக வழக்கு என்றால், அவசர நிவாரணம் கேட்காத பட்சத்தில், சமரசத்துக்குப் போய் வந்த பிறகே வழக்குப் போட முடியும் என்று வணிக நீதிமன்றச் சட்டத்தில் 2018இல் விதி வந்துவிட்டது. நாம் சொல்வது வேறு. நோட்டீசை அனுப்பிவிட்டுச் சமரசம் பேசுங்கள். ஜமாஅத்தின் லெட்டர்பேடு சட்டத்தின் கடிகாரத்தை நிறுத்தாது. முத்தவல்லிகளும் இதைப் பிராது கொடுக்க வருகிறவரிடம் முதல் நாளே எடுத்துச் சொல்ல வேண்டும். சொல்லாமல் வாய்தா மேல் வாய்தா கொடுப்பது ஏமாற்றுகிறவனுக்குச் செய்யும் உதவியாகத்தான் முடியும்.

செக்கே இல்லாத கொடுக்கல் வாங்கல் நம்மிடையே ஏராளம். கைமாற்று, வாய்ப்பேச்சு, "அவர் நம்பிக்கையானவர்". கடனை எழுதிக் கொள்ளுங்கள், சாட்சி வையுங்கள் என்று கட்டளையிடும் வசனம்தான் (2:282) திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம். அதை ஓதுகிற நாம்தான் பேரேட்டில் கையெழுத்து வாங்கக் கூச்சப்படுகிறோம். பணக் கடனுக்கு வழக்குப் போடப் பொதுவாக மூன்று ஆண்டுதான் கெடு. அந்தக் கெடு முடிவதற்குள் கடன்பட்டவர் பாக்கியை ஒப்புக் கொண்டு எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அந்தத் தேதியிலிருந்து புதிய கணக்கு தொடங்கும். வாயால் "தருகிறேன்" என்று ஆயிரம் முறை சொன்னாலும் தொடங்காது.

எந்த வக்கீல்?

"நம்ம ஆள்" என்பதற்காக ஒருவரிடம் போகிறோம். "மேடையில் முழங்குவார்" என்பதற்காக ஒருவரிடம் போகிறோம். காவல் நிலைய வாசலில் நிற்கும் புரோக்கர் கை காட்டியதற்காக ஒருவரிடம் போகிறோம். மூன்றுமே தவறு. மூன்றாவது தவறு மட்டுமல்ல, ஆபத்து.

நம் சமுதாயத்தில் திறமையான வக்கீல்கள் உருவாக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் நாம். அதற்காக, சொத்து வழக்கு மட்டுமே நடத்திப் பழகியவரிடம் கொலை முயற்சி வழக்கைக் கொடுக்கலாமா? கண் நோய்க்குப் பல் டாக்டரிடம் போவோமா? "இது போன்ற வழக்கு எத்தனை நடத்தியிருக்கிறீர்கள், இந்த நீதிமன்றத்தில் நடத்தியிருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. நல்ல வக்கீல் கோபித்துக் கொள்ள மாட்டார். அவர் பார் கவுன்சிலில் பதிவு செய்தவர்தானா என்பதையும் பதிவு எண்ணைக் கேட்டுத் தெரிந்து கொள்ளலாம்.

உள்ளூர் வக்கீலா, சென்னைப் பெரிய வக்கீலா என்ற கேள்வி எப்போதும் வருகிறது. மேலப்பாளையத்துப் பையனின் ரிமாண்டுக்குச் சென்னையிலிருந்து ஒருவர் புறப்பட்டு வருவதற்குள் பையன் சிறைக்குப் போய்விடுவான். மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போது பக்கத்தில் நிற்கவும், மாதந்தோறும் வாய்தாவுக்கு வரவும், குமாஸ்தா மூலம் நகல் மனு போடவும் அந்த ஊர் நீதிமன்றத்தில் தினமும் நிற்கிறவரே வேண்டும். உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டி வந்தால் அவரே அங்கிருக்கும் வக்கீலைச் சொல்வார். தென் மாவட்டங்களுக்கு அந்த நீதிமன்றம் 2004 ஜூலையிலிருந்து மதுரையிலேயே இருக்கிறது.

சில நேரங்களில் உள்ளூரில் எந்த வக்கீலும் வர மாட்டேன் என்கிறார்கள். வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டுவிட்டது என்கிறார்கள். அந்த வேதனையை அனுபவித்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் தெரிந்து கொள்ள வேண்டிய தீர்ப்பு ஒன்று இருக்கிறது. இன்னாருக்காக ஆஜராக மாட்டோம் என்று வழக்கறிஞர் சங்கங்கள் போடும் தீர்மானம் சட்டத்திற்கும் தொழில் தர்மத்திற்கும் எதிரானது, செல்லாது என்று 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கின் பெயர் ஏ.எஸ். முகம்மது ரஃபி எதிர் தமிழ்நாடு அரசு. வேடிக்கை என்னவென்றால், கோவையில் அந்தத் தீர்மானம் போடப்பட்டது வக்கீல்களோடு மோதிய காவலர்களுக்கு எதிராக! யாருக்காக வந்த தீர்ப்பாக இருந்தால் என்ன, எல்லோருக்கும் பொருந்தும்.

பணமே இல்லாதவர் என்ன செய்வது? ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். சிறையில் இருக்கும் பையனுக்காகத் தாயின் கம்மலை அடகு வைப்பதற்கு முன் இந்த வாசலையும் ஒரு முறை தட்டிப் பாருங்கள்.

என்ன கொண்டு போவது?

முதலில் ஒரு தாள். ஒரே ஒரு தாள். அதில் நடந்ததைத் தேதி வாரியாக எழுதுங்கள். கதையாக எழுத வேண்டாம், ஆத்திரத்தை எழுத வேண்டாம். இந்தத் தேதி சரக்கு அனுப்பினேன், இந்தத் தேதி செக் வாங்கினேன், இந்தத் தேதி திரும்பியது என்ற அளவில் போதும். தேதி உறுதியாகத் தெரியாத இடத்தில் தெரியாது என்றே எழுதுங்கள். யூகித்து எழுதிய ஒரு தேதி பின்னால் குறுக்கு விசாரணையில் உங்களையே குத்தும்.

அடுத்து, காகிதங்கள். செக், ரிட்டர்ன் மெமோ, பில், சரக்கு அனுப்பிய ரசீது, ஜி.எஸ்.டி. கணக்கு, பேரேட்டுப் பக்கம். கடை வாடகைத் தகராறு என்றால் ஒப்பந்தம், வாடகை கொடுத்த அத்தாட்சி, அட்வான்ஸ் கொடுத்த அத்தாட்சி. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் எழுத்து மூல ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் வலியுறுத்துகிறது. தலைமுறை தலைமுறையாக வாய்ப்பேச்சில் கடை நடத்துகிறவர்கள் நோட்டீஸ் வரும் வரை காத்திராமல் இதற்காகவே ஒரு வக்கீலைப் பார்ப்பது நல்லது.

நோட்டீசோ சம்மனோ வந்திருந்தால் அதன் உறையையும் சேர்த்துக் கொண்டு போங்கள். உறையின் மேல் இருக்கும் தபால் முத்திரைதான் உங்கள் கெடுவைச் சொல்லும். உறையைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு "போன வாரம் வந்தது" என்று சொல்வதில் பயனில்லை. பதிவுத் தபாலை வாங்காமல் திருப்பி அனுப்பினால் தப்பித்துவிடலாம் என்றும் சிலர் நினைக்கிறார்கள். சரியான முகவரிக்கு அனுப்பிய தபாலை மறுத்தாலும் கிடைத்ததாகவே சட்டம் கொள்ளும்.

காவல்துறை 35(3) பிரிவின் கீழ் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் கொடுத்திருந்தால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். அந்த நோட்டீசை மதித்துப் போகிறவரைக் காரணத்தை எழுதி வைக்காமல் கைது செய்யக் கூடாது. போகாதவரைக் கைது செய்ய அதுவே காரணமாகிவிடும். போவதற்கு முன் வக்கீலைப் பாருங்கள்.

இளைஞர்களுக்கு ஒரு தனிச் சொல். முகநூலில் எதையோ எழுதிவிட்டு, புகார் என்றதும் பதற்றத்தில் அழித்துவிடுகிறீர்கள். போனையே மாற்றிவிடுகிறீர்கள். வக்கீலைக் கேட்காமல் எதையும் அழிக்காதீர்கள். அழித்தது தடயத்தை மறைத்ததாக உங்கள் மீதே திரும்பும். உங்களைக் காப்பாற்றக் கூடிய வரியும் அதில் இருந்திருக்கலாம். வாட்ஸ்அப் செய்தியின் படத்தை அச்செடுத்துக் கொடுத்தால் மட்டும் நீதிமன்றம் ஏற்காது. அதற்கு 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும் என்கிறது புதிய சாட்சியச் சட்டம். அந்தப் போன் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

அசல் காகிதங்களைக் காட்டுங்கள், ஜெராக்ஸைக் கொடுங்கள். அசலையே கொடுக்க வேண்டி வந்தால் என்னென்ன கொடுத்தீர்கள் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொள்ளுங்கள்.

என்ன பேசுவது?

உண்மையை. முழு உண்மையை. நமக்குப் பாதகமானதை முதலில். எதிரி வக்கீல் நீதிமன்றத்தில் சொல்லி உங்கள் வக்கீல் தெரிந்து கொள்வதைவிடக் கேவலம் வேறில்லை. முன்பே வழக்கு இருந்ததா, பணத்தில் ஒரு பகுதி வாங்கிவிட்டீர்களா, அடி நீங்களும் அடித்தீர்களா, எல்லாவற்றையும் சொல்லுங்கள். நீங்கள் வக்கீலிடம் சொன்னதை உங்கள் சம்மதம் இல்லாமல் அவர் வெளியே சொல்லக் கூடாது என்று சாட்சியச் சட்டத்தின் 132ஆம் பிரிவு அவரைக் கட்டிப் போட்டிருக்கிறது. இனி செய்யப் போகும் குற்றத்திற்கு யோசனை கேட்டால் மட்டும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அறையில் பத்துப் பேரை உட்கார வைத்துக் கொண்டு பேசினால் ரகசியம் எங்கே இருக்கும்? ஜமாஅத் தலைவராகவே இருந்தாலும் சிறிது நேரம் வெளியே உட்காரலாம். கௌரவம் குறைந்துவிடாது.

பேசி முடித்ததும் நீங்கள் கேளுங்கள். அடுத்த கெடு எந்தத் தேதி? இது எந்த நீதிமன்றத்தில் நடக்கும்? சுமாராக எவ்வளவு காலம் ஆகும்? தோற்றால் என்ன ஆகும்? "நிச்சயம் ஜெயித்துக் கொடுக்கிறேன்" என்று முதல் நாளே சத்தியம் செய்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பையன் ரிமாண்டில் இருந்தால் ரிமாண்ட் தேதியை எழுதிக் கொள்ளுங்கள். வழக்கின் தன்மைக்கேற்ப 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமை. 'உபா' சட்டத்தில் அதை 180 நாள் வரை நீட்டிக்க முடியும். நாள் கணக்கை வக்கீல் மட்டும் வைத்திருந்தால் போதாது, வீட்டாரும் வைத்திருக்க வேண்டும்.

ஃபீஸ் பேச வெட்கப்படாதீர்கள். மொத்தமா, ஒவ்வொரு வாய்தாவுக்குமா? நீதிமன்றக் கட்டணம் தனியா? குமாஸ்தா, நகல், பயணச் செலவு யாருடையது? எழுதி வாங்குங்கள், கொடுத்ததற்கு ரசீது கேளுங்கள். "கிடைப்பதில் இத்தனை சதவீதம்" என்று பேரம் பேசுவதைப் பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. விபத்து வழக்குகளில் இது சர்வ சாதாரணமாக நடக்கிறது. கணவனை இழந்த பெண்ணின் இழப்பீட்டில் பங்கு கேட்கிறார்கள்! நாம்தான் எதிர்த்துக் கேட்பதில்லை.

வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். உங்களுக்காகச் சமரசம் பேசவும் பணம் பெறவும் அதிகாரம் தரும் வரிகள் அச்சிட்ட படிவத்திலேயே இருக்கும். வெற்றுத் தாளில் யார் கேட்டாலும் கையெழுத்து வேண்டாம். பிறகு வக்கீலை மாற்ற நினைத்தால் முன்னவரின் ஆட்சேபமின்மையையோ நீதிமன்ற அனுமதியையோ பெற்று மாற்றலாம். ஃபீஸ் பாக்கி என்று சொல்லிக் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000ஆம் ஆண்டே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாக்கி இருந்தால் அவர் தனியாக வசூலிக்கட்டும். நாமும் நியாயமான பாக்கியைக் கொடுத்துவிடுவோம். வக்கீலை ஏமாற்றுகிறவர்களும் நம்மில் இருக்கிறார்கள்.

வழக்குத் தாக்கலானதும் அதற்கு 16 இலக்க சி.என்.ஆர். எண் ஒன்று கிடைக்கும். அதைக் கேட்டு வாங்கி வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரில் எழுதி வையுங்கள். இ-கோர்ட்ஸ் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, போன வாய்தாவில் என்ன நடந்தது என்று எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் பார்த்துச் சொல்லிவிடும். வாய்தாவுக்கு இரண்டு நாள் முன்பு வக்கீலுக்கு ஒரு போன் செய்யுங்கள்.